சின்ன காஞ்சிபுரத்தில் சொகுசு அபார்ட்மென்ட்: தறி இருந்த வீடு யாருக்குப் போகும்?

நம்ம ஊரில் 'லாஃப்ட்' என்றால் பரண். பழைய பித்தளைப் பாத்திரம், கொலுப் பெட்டி, போன வருஷத்து அட்டைப் பெட்டி எல்லாம் ஏறி உட்காரும் இடம். ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் வரும் 'லக்சுரி லாஃப்ட்' வேறு விஷயம். உயரமான கூரை, பெரிய ஜன்னல், தடுப்புச் சுவர் இல்லாத ஒரே பெரிய ஹால், பாதி உயரத்தில் ஒரு மரத் தளம், அதில் படுக்கை. அதிலும் ஒரு பழைய நகரத்தின் நடுவே, கோயிலோ தேவாலயமோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் விலை இன்னும் எகிறும்.

இந்த வகை வீடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஒரு பாதை நேராகப் பட்டுத் தறியில் போய் முடிகிறது. அதனால்தான் காஞ்சிபுரத்துக்கு, குறிப்பாக வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள சின்ன காஞ்சிபுரத்துக்கு, இந்தக் கதை முக்கியம். நகரத்தைச் சுற்றி நிலத்தின் மதிப்பு மாறிக்கொண்டிருக்கிறது. தறிச் சத்தம் கேட்ட தெருவில் அடுக்குமாடி வந்தால் என்ன ஆகும்? வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்? விற்பவருக்கு என்ன மிஞ்சும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'லாஃப்ட்' எப்படி சொகுசு ஆனது?

முதலில் நியூயார்க். அங்கே சோஹோ என்ற பகுதி முழுக்க ஒரு காலத்தில் துணி ஆலைகளும் கிடங்குகளும். தொழிற்சாலைகள் ஊரை விட்டுப் போனபோது கட்டடங்கள் காலியாகின. 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்கு அங்கே குடியேறினார்கள். பெரிய ஓவியம் வரையப் பெரிய இடம் வேண்டும்; அது அங்கே மலிவாகக் கிடைத்தது. குடியிருக்க அனுமதி இல்லாத கட்டடங்கள் என்பதால் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்றே சொல்லலாம்.

1971ல் நகர நிர்வாகம் இதைச் சட்டபூர்வமாக்கியது. நிபந்தனை ஒன்றுதான்: அங்கே குடியிருப்பவர் அதே இடத்தில் வேலை செய்யும் கலைஞராக இருக்க வேண்டும். 1973ல் அந்தப் பகுதி பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேலரி வந்தது, காபி கடை வந்தது, பிராண்டு கடைகள் வந்தன, விலை ஏறியது. 'கலைஞர் மட்டும்' என்ற விதி காகிதத்தில் அப்படியே இருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் பணக்காரர்கள். 2021ல் அந்தப் பகுதிக்கான விதிகளையே நகர நிர்வாகம் மாற்றி எழுதியது.

பட்டு நெய்த ஊரின் கதை

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரான்சின் லியோன் நகரம். அங்கே க்ருவா-ரூஸ் என்ற குன்றுப் பகுதி பட்டு நெசவாளர்களுடையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்டு கருவி வந்தது. நம் காஞ்சிபுரத் தறிகளின் மேல் அட்டைத் துளைகளோடு உட்கார்ந்திருக்கிறதே, அதே ஜக்கார்டுதான். அது தறிக்கு மேலே ஏறி நிற்கும் கருவி. அதற்காகவே அங்கே சுமார் 4 மீட்டர் உயரக் கூரையுள்ள வீடுகளைக் கட்டினார்கள். பட்டு இழையின் நிறம் தெரிய வெளிச்சம் வேண்டும். அதற்காகப் பெரிய ஜன்னல். தரை முழுவதையும் தறி எடுத்துக்கொண்டதால், குடும்பம் படுப்பதற்குப் பாதி உயரத்தில் ஒரு மரப் பரண்.

இன்று லியோனில் அதே வீடுகள் விலை உயர்ந்த குடியிருப்புகள். உயரக் கூரை, பெரிய ஜன்னல், பரண் படுக்கை மூன்றும் விளம்பரத்தின் முதல் வரியில் வருகின்றன. அதாவது, இடமில்லாத நெசவாளர் குடும்பம் வேறு வழியின்றிப் படுத்த பரண் இப்போது 'மெஸ்ஸனைன் பெட்ரூம்'. கூலி உயர்வு கேட்டு 1831லும் 1834லும் நெசவாளர்கள் கிளர்ச்சி செய்த மலைச்சரிவு, 1998ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் வருகிறது. அங்கே தறியைப் பார்க்க வேண்டும் என்றால் நெசவாளர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் இன்னொன்று. 1685க்குப் பிறகு பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் நெசவாளர்கள் அங்கே பட்டு நெய்தார்கள். மேல்மாடியில் அகலமான ஜன்னல் வைத்த வீடுகள் அவர்களுடைய அடையாளம். 19ஆம் நூற்றாண்டில் தொழில் சரிந்தது, பகுதியே வறுமையில் விழுந்தது. 1970களில் வீடுகளை இடிக்க வந்தபோது, ஆர்வலர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்து தடுத்தார்கள். வீடுகள் பிழைத்தன. இன்று ஒவ்வொன்றும் பல மில்லியன் பவுண்டு.

மூன்று ஊரிலும் வரிசை ஒன்றுதான். முதலில் தொழில் போனது. பிறகு கட்டடம் மலிவானது. அதன் பிறகுதான் அழகு, பாரம்பரியம், விலை எல்லாம் வந்தன. காஞ்சிபுரத்தில் அந்த வரிசை மாறுகிறது. இங்கே தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலத்தின் விலை அதைத் தேடி வருகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

காஞ்சிபுரம் இரண்டு பெயரில் அறியப்படும் ஒரே ஊர். ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன் கோயில்கள் உள்ள பக்கம் பெரிய காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில் உள்ள பக்கம் சின்ன காஞ்சிபுரம். சன்னதி தெரு, மாட வீதிகள், டி.கே.நம்பி தெரு என்று விரியும் தெருக்களில் கோயில் கைங்கரியக்காரர்களும் நெசவாளர்களும் வியாபாரிகளும் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வைகாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவை அன்று இந்தத் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. 2019ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தபோது, 40 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த நிகழ்வுக்காக நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் மக்கள் குவிந்தது நினைவிருக்கும்.

நெசவாளர் வீட்டின் அமைப்பைக் கவனித்தால், அது குடியிருப்பும் பட்டறையும் சேர்ந்தது என்பது புரியும். முன்பக்கம் திண்ணை. அதைத் தாண்டி நீளமான கூடம். கூடத்தில் தறிக்குழி, கால் மிதிகள் அந்தக் குழிக்குள் இருக்கும். நடுவில் முற்றம், பின்னால் சமையல் கட்டு, கொல்லை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். வீதியும் தொழிலின் ஒரு பகுதி. காலை வெயில் ஏறுவதற்குள் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, இழை சரிபார்ப்பார்கள். அதற்கு நீளமான, வண்டி குறைந்த தெரு வேண்டும். உதவிக்கு நாலு வீட்டு ஆட்கள் வேண்டும்.

காஞ்சிப் பட்டின் தனித்தன்மையான கோர்வை நெசவில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். மனைவி, மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யாராவது ஒருவர் அந்த இரண்டாவது ஆள். சேலைக்குப் புவிசார் குறியீடு 2005ல் கிடைத்தது. அந்த நுட்பத்தைத் தாங்கி நிற்கும் வீட்டுக்கும் தெருவுக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு எப்படி இருந்தது என்று அமைதியாகச் சுற்றிப் பார்க்க வேண்டுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குப் போகலாம். அங்கே மற்ற பாரம்பரிய வீடுகளோடு பட்டு நெசவாளர் வீட்டையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

விலை ஏன் இப்போது ஏறுகிறது?

நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

• தொழிற்சாலை வேலை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம். கார் முதல் செல்போன் வரை தயாராகும் இந்தப் பட்டை காஞ்சிபுரத்தின் பக்கத்து வீடு மாதிரி. அங்கே சம்பளம் வாங்கும் இளைஞர்களுக்கு வாடகை வீடு, சொந்த வீடு இரண்டும் தேவை.

• பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் இங்கே என்று 2022ல் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் உள்ளிட்ட கிராம மக்கள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று தொடர்ந்து போராடி வருகிறார்கள். விமானம் பறக்கிறதோ இல்லையோ, 'ஏர்போர்ட் பக்கத்துல' என்ற வார்த்தை மனை விற்பனையில் எப்போதோ பறக்க ஆரம்பித்துவிட்டது.

• சாலை. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை அருகிலேயே போகிறது. ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கும் பெங்களூரு விரைவுச் சாலை முழுமையானால் இந்த வட்டாரத்தின் மதிப்பு இன்னும் கூடும் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

• ஊரின் அந்தஸ்து. 2021ல் காஞ்சிபுரம் நகராட்சி மாநகராட்சி ஆனது. அதே ஆண்டு காஞ்சிபுரம் கோயில்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உத்தேசப் பட்டியல் என்பது வரிசையில் நிற்பது மாதிரி. உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. விளம்பரத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லப் போவதில்லை.

நெசவாளர் ஏன் விற்கிறார்?

'பாரம்பரியத்தை விட்டுட்டாங்க' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

பெரும்பாலான நெசவாளர்கள் சேலைக்கு உரிமையாளர் இல்லை. கூட்டுறவுச் சங்கமோ மாஸ்டர் வீவரோ பாவும் ஜரிகையும் கொடுப்பார்கள். இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். ஒரு சேலை முடிய டிசைனைப் பொறுத்து 10 நாளோ 20 நாளோ ஆகும். அதற்குள் உடம்பு சரியில்லை, மழை, பாவு வரவில்லை என்றால் வருமானம் நின்றுவிடும். தங்கம், வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும். கடையில் சேலை விலை ஏறும். விற்பனை மந்தமானால் முதலில் குறைவது நெசவாளருக்கு வரும் பாவுதான். இன்னொரு பக்கம், 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும் விசைத்தறியில் நெய்த சேலை 'காஞ்சிபுரம்' என்ற பெயரில் விற்கிறது.

அதே வீட்டுப் பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் வாசலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. எந்த அப்பாவும் 'வேண்டாம், குழியில உட்காரு' என்று சொல்ல மாட்டார்.

இதற்கு மேல் பங்குப் பிரச்சினை. தாத்தா பெயரில் உள்ள 20 அடி அகல வீடு, இன்று நான்கு பேர் பங்கு. நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்கு 5 அடி. அதில் தறியும் போட முடியாது, கட்டிலும் போட முடியாது. மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரிப்பதுதான் சண்டை இல்லாத ஒரே வழி என்று பல குடும்பங்கள் முடிவு செய்வது இப்படித்தான்.

ஒரு வீடு போனால் தெரு போகுமா?

கட்டுமானக் கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். 20 அடி அகலம், 100 அடி நீளம்: 2,000 சதுர அடி மனை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019ன்படி 18.30 மீட்டர் உயரம் வரையுள்ள சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு, 4,000 சதுர அடி வரை கட்டலாம் என்பது மேல் வரம்பு. ஆனால் சாலை அகலம், காலியிடம், பார்க்கிங், லிஃப்ட், மாடிப்படி என்று கழித்துக்கொண்டே வந்தால் 20 அடி அகலத்தில் சொகுசு வீடு கட்ட முடியாது. கார் திரும்பவே இடம் இருக்காது.

அதனால் கட்டுமான நிறுவனத்துக்கு ஒரு வீடு போதாது. ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்து வாங்க வேண்டும். முதல் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் விலை ஒன்று. நடுவில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர் மீது வரும் அழுத்தம் வேறு. மூன்று வீடு போனால் தொடர்ச்சியான திண்ணை வரிசை உடைகிறது. கார் பார்க்கிங் வாசல் தெருவுக்கு வருகிறது. காலையில் பாவு நீட்டும் இடத்தில் வண்டி வந்துபோகும். மீதமுள்ள தறிக்காரர் இடத்தை இழக்கவில்லை. ஆனால் தொழில் செய்யும் தெருவை இழந்துவிட்டார்.

அபார்ட்மென்ட்டில் தறி போட முடியாதா?

குழித்தறி முதல் மாடியில் சாத்தியமில்லை. குழி தோண்டத் தரை வேண்டும். தரைக்கு மேலே நிற்கும் சட்டத் தறி போடலாம். அதற்கும் நீளம், உயரம், எடை தாங்கும் தளம் வேண்டும். நாள் முழுக்க 'டக் டக்' என்று தறிச் சத்தம் கேட்டால் கீழ் வீட்டுக்காரர் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன எழுதுவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. வேகவதி ஆற்றங்கரையில் ஆக்கிரமிப்பு எனக் கணக்கிடப்பட்ட குடும்பங்களுக்காகக் காஞ்சிபுரம் அருகே கீழ்கதிர்பூரில் 2,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை அரசு கட்டியது. ஆற்றங்கரையில் இருந்து எடுப்பதற்கு வெள்ள அபாயம் என்ற நியாயமான காரணம் உண்டு. ஆனால் வீடு மாறினால் வேலையும் சேர்ந்து மாற வேண்டிய குடும்பங்களுக்கு, ஒரு படுக்கையறை வீடு பாதித் தீர்வுதான். அதே கீழ்கதிர்பூரில் அண்ணா பெயரில் பட்டுப் பூங்காவும் அமைக்கப்பட்டது. தறியை வீட்டிலிருந்து பிரித்து ஷெட்டுக்குக் கொண்டுபோகும் முயற்சி அது. அப்படிப் பிரிந்தால், சமையலுக்கு நடுவே வந்து நாடா வீசும் அந்த இரண்டாவது ஆள் எங்கே உட்காருவார் என்பது பதில் வேண்டிய கேள்வி.

சட்டம் பாதுகாக்காதா?

கோயில் பக்கத்தில் எதுவும் கட்ட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

• மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால், 2010ல் திருத்தப்பட்ட சட்டப்படி எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் இந்த வகை.

• வரதராஜப் பெருமாள் கோயிலை நிர்வகிப்பது இந்து சமய அறநிலையத் துறை. அறநிலையத் துறைக் கோயில் என்பதால் மட்டும் அந்த 100 மீட்டர் தடை தானாக வந்துவிடாது.

• மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்ற அரசாணை உண்டு. அதை மீறிய கட்டடங்கள் குறித்து வழக்குகளும் நடந்தன. விதி இருப்பதும் அது தெருவில் நடைமுறைக்கு வருவதும் வேறு வேறு என்பதற்கு மதுரையே சாட்சி.

• தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆனது. அந்த 12 ஆண்டில் இடிந்த வீடுகளை எந்தப் பட்டியலிலும் இனிச் சேர்க்க முடியாது.

• 2015ல் மத்திய அரசு தொடங்கிய 'ஹிருதய்' பாரம்பரிய நகரத் திட்டத்தின் 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. 2019 மார்ச்சில் திட்டமே முடிந்துவிட்டது.

கவனித்தீர்களா? இந்தச் சட்டங்கள் கல்லையும் கட்டடத்தையும் பார்க்கின்றன. 'இங்கே ஒரு தறி ஓடுகிறது, அது நிற்கக் கூடாது' என்று சொல்லும் விதி ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை.

வாங்கும் எண்ணம் இருக்கா? இதை செக் பண்ணுங்க

கோயில் நகரத்தில் வீடு வாங்குவது தப்பில்லை. ஆனால் சாதாரண லேஅவுட் மனை வாங்குவதை விட இங்கே வேலை அதிகம்.

1. நிலம் யாருடையது? கோயில் நகரங்களில் 'அடிமனை' பிரச்சினை சகஜம். வீடு குடியிருப்பவருடையது, அதன் அடியில் உள்ள மண் கோயிலுடையது; குடியிருப்பவர் அடிமனை வாடகை கட்டுவார். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அத்தகைய பத்திரத்தைப் பதிவு செய்யவே மறுக்கச் சொல்கிறது. ஸ்ரீரங்கத்தில் 330 ஏக்கர் அளவுக்கு அடிமனைச் சிக்கலில், பல தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பத்திரம் பதிய முடியாமல் தவித்தார்கள். எனவே பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்ஜியம் என்று காட்டினால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

2. எல்லாப் பங்காளியும் கையெழுத்து போட்டாச்சா? பழைய குடும்பச் சொத்தில் பெண் பிள்ளைகளின் பங்கை விட்டுவிட்டுப் போட்ட பத்திரம் பின்னால் வழக்காக வரும். வாரிசுச் சான்றிதழும் பாகப்பிரிவினைப் பத்திரமும் கேளுங்கள்.

3. ரெரா பதிவு உண்டா? 500 சதுர மீட்டருக்கு (சுமார் 5,380 சதுர அடி) மேற்பட்ட மனை, 8 வீடுகளுக்கு மேல் என்றால் ரெரா பதிவு கட்டாயம். இரண்டில் ஏதாவது ஒன்று வரம்புக்குள் இருந்தாலே விலக்கு. பழைய தெருவில் இரண்டு மூன்று வீட்டைச் சேர்த்துக் கட்டும் சின்ன புராஜெக்ட் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் விழும். அப்போது தனி வங்கிக் கணக்கில் 70% பணம், புராஜெக்ட் விவரங்களை இணையத்தில் வெளியிடுவது போன்ற ரெரா கவசங்களை எதிர்பார்க்க முடியாது. பில்டரின் பழைய வேலைகளை நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி.

4. 'லாஃப்ட்' வரைபடத்தில் இருக்கா? உயரக் கூரையும் நடுத் தளமும் அனுமதி பெற்ற வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போட்டுத் தருகிறோம் என்றால், அது அனுமதியில்லாக் கட்டுமானமாக மாறும் அபாயம் உண்டு. வங்கிக் கடன், மறுவிற்பனை இரண்டிலும் இடிக்கும்.

5. யு.டி.எஸ். எவ்வளவு? கட்டடத்துக்கு வயசாகும், மண்ணுக்கு ஆகாது. உங்கள் பெயரில் வரும் பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். உயரக் கூரைக்கு விலை கொடுக்கிறீர்கள். அதற்காக மனைப் பங்கு கூடாது.

6. மொத்தச் செலவு. 2023 டிசம்பரில் இருந்து புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, நிலமும் கட்டடமும் சேர்த்த மதிப்பில் கட்டணம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ரூ.50 லட்சம் வரை 6%, ரூ.50 லட்சம் முதல் ரூ.3 கோடி வரை 7%, அதற்கு மேல் 9%. கட்டுமானத்தில் உள்ள வீடு என்றால் ஜி.எஸ்.டி. 5%, ரூ.45 லட்சத்துக்குள், குறிப்பிட்ட பரப்புக்குள் இருந்தால் 1%. பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கட்டுமானத்தில் உள்ள ரூ.60 லட்சம் வீட்டுக்குப் பதிவுக்கு ரூ.4.2 லட்சம், ஜி.எஸ்.டி. ரூ.3 லட்சம் என்று ரூ.7.2 லட்சம் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

வேறு வழி இருக்கிறதா?

நெசவாளரை 'விற்காதே' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மாடி கட்டக் கூடாது என்று தடை மட்டும் போட்டால், அவருடைய ஒரே சொத்தின் மதிப்பைக் குறைத்து, பாரம்பரியத்தின் செலவை அவர் தலையில் கட்டியது போல ஆகும்.

அகமதாபாத் ஒரு வழியைக் காட்டுகிறது. 2017ல் உலகப் பாரம்பரிய நகரம் ஆன முதல் இந்திய நகரம் அது. அங்கே பழைய நகரில் பாரம்பரிய வீட்டை இடிக்காமல் பாதுகாப்பவருக்கு, அவர் பயன்படுத்தாமல் விட்ட கட்டும் உரிமையை வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்கும் வாய்ப்பு உண்டு. மும்பையிலும் 1995ல் வந்த பாரம்பரிய விதிகளில் இந்த ஏற்பாடு இடம்பெற்றது. சின்ன காஞ்சிபுரத்துக்கு இப்படி ஒன்று வந்தால், 4,000 சதுர அடி கட்டக்கூடிய இடத்தில் 1,500 சதுர அடி வீட்டோடு நிற்கும் குடும்பம், மீதி 2,500 சதுர அடி உரிமையை ஒரகடம் பக்கம் கட்டும் நிறுவனத்துக்கு விற்கலாம். வீடு நிற்கும், கையில் பணமும் வரும். அந்தப் பணத்தில் அண்ணன் தம்பி பங்கைக் கொடுத்துவிட்டு, நெய்பவர் வீட்டில் தொடரலாம்.

இன்னொன்று, மாடி வருவதாக இருந்தாலும் தரைத்தளத்தைத் தறிக்கு ஒதுக்கும் விதி. சோஹோவில் இதைப் போன்ற விதி தோற்றதற்குக் காரணம், நிஜமாகவே கலைஞர்தான் குடியிருக்கிறாரா என்று யாரும் பார்க்கவில்லை. இங்கே அதற்கு வசதி உண்டு. நெசவாளர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கப் பதிவு, கைத்தறிக்கான இலவச மின்சாரம் என்று தறி ஓடுகிறதா என்பதைச் சொல்லும் ஆவணங்கள் அரசிடமே இருக்கின்றன.

மூன்றாவது வழி கூலி. மேலே சொன்ன எந்த ஏற்பாடும், தறியில் உட்காருபவருக்குக் கம்பெனி வேலைக்கு இணையான வருமானம் இல்லாவிட்டால் பத்து வருஷம் கூட நிற்காது. லியோன் நெசவாளர்கள் 1831ல் கேட்டதும் அதைத்தான்: ஒரு குறைந்தபட்சக் கூலி. அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வீடுகளின் இன்றைய விலையில் அவர்களுடைய வாரிசுகளில் எத்தனை பேரால் அங்கே குடியிருக்க முடியும்?

சின்ன காஞ்சிபுரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் எழுதப்படவில்லை. மரபு ஆணையம் தன் பட்டியலைத் தயாரிக்கும்போது கோபுரங்களோடு தறிக்கூடங்களையும் கணக்கில் எடுக்குமா, மாநகராட்சியின் அடுத்த திட்ட வரைபடத்தில் நெசவுத் தெரு என்று ஒரு நிறம் வருமா என்பதைப் பொறுத்தது அது. அதுவரை முடிவு, பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு வீடாக நடந்துகொண்டிருக்கும்.